பீலிக்குச் சல்லடை போட்ட நான்கு ஆண்டுகள்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "கூரைப் பீலிக்குச் சல்லடை மூடி போட்டு நான்கு வருடம் ஆகிறதே, எப்படி இருக்கிறது? நானும் போடலாமா?" பீலி என்றால் கூரை விளிம்பு நெடுக மழைத்தண்ணீரைப் பிடித்து இறங்கு குழாய்க்கு அனுப்பும் வாய்க்கால்; அதற்குள் இலை விழாமல் தடுப்பது சல்லடை மூடி. "போடாதே" என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன்.

அன்று மாலைதான் ஏணியிலிருந்து இறங்கியிருந்தேன். முழங்கை வரை கறுப்புச் சேறு. விரலிடுக்கெல்லாம் பைன் மரப் பிசின். அது சோப்புக்கு மசியாது. எண்ணெய் விட்டுத் தேய்த்தால்தான் விடும். எண்ணெய்க் கையோடு தட்டிய பதிலில் நியாயம் கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். அவனும் விடவில்லை. "போன வருடம் நீதானே ஆகா, ஓகோ என்று புகழ்ந்தாய்?" என்றான். புகழ்ந்தேன்தான். இன்று காலை சட்டை காய்ந்துவிட்டது, கோபம் பாதி காய்ந்திருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து அங்குல அலுமினியப் பீலி. அதன்மேல் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் நெய்த மிக நுண்ணிய வலை, அலுமினியச் சட்டத்தில் பொருத்தியது, நான்கடி நான்கடித் துண்டுகள். முன் விளிம்பில் திருகாணி, பின் விளிம்பு கூரைத் தகட்டின் அடியில் செருகல். கட்டர் கார்டு என்று விற்கிறார்களே, அதில் ஒரு வகை. வீடு 'எல்' வடிவம். முன்பக்கம் அகன்ற இலை மரம் ஒன்று, பின்பக்கம் பைன் இரண்டு. தொல்லை எல்லாம் பின்பக்கம்தான்.

இதற்கு முன் மற்ற வகைகளையும் பார்த்துவிட்டேன். முதலில் போட்டது பஞ்சு. பீலியின் பள்ளத்தை அடைக்கிற மாதிரி முக்கோணமாக வெட்டிய நுரைப்பஞ்சு. தண்ணீர் உள்ளே இறங்கும், இலை மேலேயே நின்றுவிடும் என்பது கணக்கு. அகன்ற இலைகள் அப்படித்தான் நின்றன. பைன் ஊசியோ பஞ்சில் குண்டூசி போலக் குத்தி நின்றது. ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்திய ஊசிகளுக்கு நடுவே தூசி சேர்ந்து, தூசியில் ஈரம் தங்கி, இரண்டாம் வருடம் அதில் செடி முளைத்தது. விதை போடாமல், உரம் போடாமல், கூரை விளிம்பில் வரிசையாக. பக்கத்து வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, "மாடித் தோட்டம் நன்றாக வந்திருக்கிறது" என்றார். அன்றே பிடுங்கி எறிந்தேன்.

அடுத்தது தூரிகை. புட்டி கழுவும் தூரிகையைப் பெரிதாக்கி நீளமாகப் பீலிக்குள் படுக்க வைத்தது போலிருக்கும். பொருத்த ஐந்து நிமிடம் கூட ஆகாது. அதை வெளியே எடுத்துச் சுத்தம் செய்த அன்றுதான் புத்தி வந்தது. முள்ளம்பன்றியின் முள்ளுக்குள் ஊசி கோத்து வைத்தால் எப்படி எடுப்பீர்கள்? ஒவ்வொன்றாகத்தான். ஒரு துண்டைச் சுத்தம் செய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மூன்றாவதாக நெகிழி வலை. அதன் கண் மூன்று நான்கு மில்லிமீட்டர். பைன் ஊசியின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். பாதி நீளம் உள்ளே இறங்கி, மீதி வெளியே நீட்டிக்கொண்டு, வலை முழுக்க மயிர் முளைத்தது போல நின்றது. கையால் தடவினாலும் வராது. அடியில் வளைந்து கொக்கி போட்டுக்கொண்டிருக்கும்.

பைன் ஊசியை இலை என்று நினைத்துக்கொண்டு எந்த மூடியையும் வாங்கக் கூடாது என்பது அப்போது கற்றது. தாவரவியலில் அது இலைதான். பீலியின் கணக்கில் அது வேறு பிறவி. அகன்ற இலை காய்ந்தால் சருகாகும், சருகு காற்றில் பறக்கும். ஊசி அவ்வளவு சுலபமாகப் பறப்பதில்லை. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் சீக்கிரம் மட்குவதுமில்லை. அடியில் ஒரு சிறு உறையோடு இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஊசிகள் கட்டாக இருக்கும். எத்தனை என்பது பைன் இனத்தைப் பொறுத்தது. விழும்போதும் கட்டாகவே விழும். விழுந்த கட்டு கவட்டை போல விரிந்து, எது அருகில் கிடக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். பத்துக் கட்டு சேர்ந்தால் பறவைக் கூடு. நூறு சேர்ந்தால் பாய்.

பசுமை மாறா மரம் என்றால் இலை உதிராது என்று நினைத்துத்தான் வீடு வாங்கும்போது அந்த இரண்டு மரங்களைப் பார்த்து நானே மகிழ்ந்தேன். உதிரும். ஒவ்வோர் ஊசிக்கும் இரண்டு மூன்று ஆண்டு ஆயுள், சில இனங்களில் அதற்கும் மேல். கிளையின் உட்பக்கத்தில் இருக்கிற பழைய ஊசிகள் இலையுதிர் காலத்தில் பழுத்து மஞ்சளாகிக் கொட்டும். கிளை நுனி எப்போதும் பச்சையாக இருப்பதால் மரம் உதிர்ப்பதே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது போதாதென்று வசந்தத்தில் மகரந்தம், பிறகு மகரந்தம் கொட்டித் தீர்ந்த சிறு ஆண் கூம்புகள். பெருங்காற்று அடித்தால் காலம் எதுவானாலும் பச்சை ஊசியே கொட்டும். அகன்ற இலை மரம் வருடத்தில் ஒரு மாதம் தொல்லை கொடுக்கும். பைன் தவணை முறை.

ஆக, ஊசியே நுழைய முடியாத கண் வேண்டும். அதற்காகத்தான் இந்த நுண்வலை. அந்த ஒரு வேலையை அது செய்கிறதா என்றால், செய்கிறது. நான்கு ஆண்டில் வலைக்குள் இறங்கிய ஊசிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதுவும் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் நான் விட்ட இடைவெளி வழியாக இறங்கியவை.

புகழ்ந்ததற்குக் காரணமும் இருந்தது. போட்ட பிறகு வந்த முதல் பெருமழையில் பின்பக்க ஜன்னலோரம் நின்று பார்த்தேன். முன்பெல்லாம் பீலி நிரம்பி வழிந்து, சுவரோரத் தரையில் சடசடவென்று அறையும். இரவு முழுக்க யாரோ வாளி வாளியாகக் கொட்டுவது போல ஒரு சத்தம். அன்று அந்தச் சத்தம் இல்லை. இறங்கு குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சலசலப்பு மட்டும், தொண்டை அடைப்பு நீங்கியவன் பேசுவது போல. குழாயின் அடியில் வைத்திருந்த பீப்பாயில் மறுநாள் பார்த்தால் தண்ணீர் தெளிந்து அடி தெரிந்தது. இத்தனை வருடமும் அந்தப் பீப்பாயில் கறுப்புக் காப்பி நிறத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஊசியும் சருகும் ஊறிய கஷாயம். நான் வாங்கியது பீலி அடைக்காமல் இருக்க. கிடைத்தது தெளிந்த தண்ணீர். பெட்டியின்மேல் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இன்று வரை எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. செடிக்கு விடும் பூவாளியின் துளைகள் கூட இப்போது அடைப்பதில்லை.

பெட்டியின்மேல் இருந்த வரி வேறு: இனி ஏணியே தேவையில்லை.

எங்கள் கொட்டகைக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். பீலிக்காக ஏணி ஏறும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. சல்லடைக்கு முந்தைய இரண்டு வருடங்களில் ஒன்பது, எட்டு. சல்லடைக்குப் பிறகு ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. கூட்டிப் பார்த்தால் நான்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு; பழைய கணக்கில் முப்பத்து நான்கு ஆகியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு. இதைவிட நல்ல சான்றிதழ் ஒரு பொருளுக்கு வேண்டுமா? வேண்டாம்தான். ஆனால் வரிசையைப் பாருங்கள். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. கீழே இறங்க வேண்டியது மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கடைசி ஒன்பது கோடுகளும் ஒரே மூலைக்காகப் போட்டவை. என் மனைவி இந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "என்னைக் கட்டிக்கொண்ட நாளைக் கூட இப்படிக் குறித்து வைக்கவில்லையே" என்றாள்.

அந்த மூலையைச் சொல்கிறேன். 'எல்' வடிவ வீட்டில் இரண்டு கூரைச் சரிவுகள் உட்பக்கம் சேரும் மடிப்பு ஒன்று இருக்கும். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் அந்த மடிப்பில் கூடி, ஓடையாகி, அதன் அடியில் பீலியின் ஒரு முழ நீளத்தில் வந்து விழும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் பின்பக்கத்தில் அந்த மடிப்புக்குத் தண்ணீர் தரும் கூரை நாற்பது சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர், ஒரு டன் தண்ணீர், ஒரு முழ அகலத்தில். மற்ற இடங்களில் தண்ணீர் விளிம்பு நெடுகப் பரவி மெல்ல வருகிறது; வலை நிதானமாகக் குடித்துவிடுகிறது. இங்கே ஓடிவந்து குதிக்கிறது. வருவது தண்ணீர் மட்டும் என்றால் பரவாயில்லை. கூரை முழுக்கக் கிடக்கும் ஊசியைப் பெருக்கி எடுத்துக்கொண்டு வருகிறது.

வசந்தத்தில் முதலில் மகரந்தம் வரும். மஞ்சள் பொடி வலைமேல் அப்பிக்கொள்ளும். அதன்மேல் விழும் தண்ணீர் கண்ணுக்குள் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு விளிம்பைத் தாண்டும். பிறகு பிசின். பிறகு ஊசி. பொடி பசையாகி, பசையில் ஊசி ஒட்டி, வெயிலில் காய்ந்தால் கிடைப்பது ஒரு கூரை வேய்ச்சல். கூரைக்கு மேல் இன்னொரு கூரை, தண்ணீர் ஒழுகாமல் வழித்துவிடுகிற தரம். அதன்பிறகு அந்த ஒரு டன் தண்ணீரும் பீலிக்குள் போவதில்லை. அப்படியே தாண்டிக் குதித்து, பின்வாசல் படியின் நடுவில் விழுகிறது. படியின் ஓரத்தில் கூட இல்லை. கதவைத் திறந்து கால் வைக்கும் இடம். இரண்டு ஆண்டாகக் குடையோடு வெளியேறுகிறவன் தலையைக் காப்பாற்றிக் காலை நனைக்கிறான்.

இதற்கு நான் செய்யாத வைத்தியம் இல்லை. நீளக் கம்பு முனையில் தூரிகை கட்டி, தரையில் நின்றபடி தள்ளினேன். ஊசிப் பாய் மொத்தமாகக் கிளம்பி முகத்தில் விழுந்தது, ஒன்று கண்ணில். பிறகு கண்ணாடி அணிந்துகொண்டு தள்ளினேன். கீழிருந்து தள்ளும்போது பாய் பின்பக்கம் நகர்ந்து, செருகல் ஓரத்தில், கூரைத் தகட்டின் அடியில் இன்னும் இறுகியது. இலை ஊதும் இயந்திரத்தை நீளக் குழாயோடு தூக்கிப் பிடித்தேன். காய்ந்திருந்தால் பறக்கிறது, ஈரமாக இருந்தால் சிரிக்கிறது. மடிப்பின் அடியில் அலுமினியப் பட்டை ஒன்றை வளைத்துத் தண்ணீரை இரு பக்கமும் பிரித்துவிட்டேன். தண்ணீர் பிரிந்தது. ஊசி பட்டைக்குப் பின்னால் கூடு கட்டியது. இரண்டங்குலத்துக்கு மூன்றங்குலமாக இருந்த இறங்கு குழாயை மூன்றுக்கு நான்காக மாற்றினேன். குறுக்குப் பரப்பு ஆறு சதுர அங்குலத்திலிருந்து பன்னிரண்டாகிவிட்டது, சரியாக இரட்டிப்பு. வாசலை அகலமாக்கினேன், தண்ணீர்தான் வீட்டுக்குள் வரவே மறுக்கிறதே!

போன வாரம் நடந்தது இதைவிட மோசம். மூலைக்கு அருகே பீலியின் பின்னால் இருக்கும் முகப்புப் பலகையில் வண்ணம் கொப்புளித்திருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போனது. தச்சரை அழைத்தேன். அவர் ஏறிப் பார்த்துவிட்டு, "சல்லடையைக் கழற்றினால்தான் தெரியும்" என்றார். இரண்டு துண்டுகளுக்கு இருபத்திரண்டு திருகாணிகள். வலைதான் துருப்பிடிக்காத எஃகு. திருகாணிகளில் சிலவற்றை நான் அப்போது கையிருப்பிலிருந்த சாதாரண இரும்பில் போட்டிருக்கிறேன். அவை துருவேறி, ஐந்தின் தலை வழுக்கிவிட்டது. துளையிட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இந்தப் பழியைச் சல்லடைமேல் போட முடியாது. போட ஆசையாக இருக்கிறது, முடியாது.

கழற்றிய பிறகு தெரிந்தது. உள்ளே ஊசி ஒன்றுகூட இல்லை. இரண்டங்குல உயரத்துக்குச் சேறு. வழவழவென்று, மை போல. வலை ஊசியைத் தடுக்கும். தூசியை, மகரந்தத்தை, மட்கிய துணுக்கைத் தடுக்காது. கூரைத் தகட்டின் மேலிருக்கும் தார்ப் பூச்சில் ஒட்டிய மணல் துகள்கள் வருடா வருடம் உதிரும். அவற்றில் பொடியானவையும் உள்ளே இறங்கிவிடும். திறந்த பீலியாக இருந்தால் ஊசியை அள்ளும்போதே இதையும் அள்ளியிருப்பேன். ரப்பர் குழாயால் ஒரு தடவை அடித்திருப்பேன். மூடி இருந்ததால் மறந்தேன். குழாயின் முதல் வளைவு அடைத்துவிட்டது. சிறு மழையில் தண்ணீர் உள்ளே போகும், வெளியேற வழியில்லை, நிற்கும். முன்பக்கம் வழிந்தால் கண்ணுக்குத் தெரியும். இது பின்பக்கம் வழிந்திருக்கிறது, பீலிக்கும் பலகைக்கும் நடுவே, யாருக்கும் தெரியாமல், எத்தனை மாதமோ. வெயில் காலத்தில் நின்ற தண்ணீரில் கொசு முட்டையிட்டால் ஒன்றரை வாரத்தில் கொசுப்படை தயார். போன கோடையில் பின்வாசலில் உட்கார முடியாமல் போனதற்கு நான் பக்கத்து வீட்டுக் குளத்தைச் சந்தேகப்பட்டேன். அவரிடம் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

பீலியின் சரிவும் போயிருந்தது. மூன்று மீட்டருக்கு ஆறு மில்லிமீட்டராவது குழாய்ப் பக்கம் தாழ வேண்டும். தாங்குகோல் ஒன்று தளர்ந்து, குழாய்க்கு முன்னால் தொய்ந்து, அங்கே குட்டை. தச்சர் ரசமட்டம் வைத்துக் காட்டிவிட்டு, "மூடி போடும் அன்று இதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. கழுவாத பானையை மூடி வைத்தது போல, உள்ளே இருந்த பழைய வண்டலோடு, தொய்ந்த தாங்குகோலோடு மூடிவிட்டேன். அன்று அவசரம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்றையும் அவர் காட்டினார். மற்ற இடங்களில் வலை கூரைச் சரிவையொட்டி முன்னால் சாய்ந்திருக்கிறது. காய்ந்த ஊசி காற்றில் தானே வழுக்கி விழுகிறது. மூலையில் தாங்குகோல் இடித்ததால் நான் வலையைத் தட்டையாகப் படுக்க வைத்திருக்கிறேன். ஊசிக்கு மெத்தை.

அப்படியென்றால் குற்றம் முழுவதும் என்னுடையதா? அரைவாசி என்று ஒப்புக்கொள்கிறேன். மீதி அரைவாசி அந்தப் பெட்டிமேல் எழுதியவருடையது. உள்மூலை உள்ள வீடு உலகத்தில் என்னுடையது மட்டும்தானா? பைன் மரம் இருக்கிற இடத்தில்தானே நுண்வலை விற்கிறார்கள்? "வருடத்துக்கு இரண்டு முறை மேலே பெருக்குங்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள், மூலையைத் தனியாகக் கவனியுங்கள்" என்று எழுதியிருந்தால் நான் வாங்காமல் போயிருப்பேனா? வாங்கியிருப்பேன். கூடவே திருகாணிக்குப் பதில் கவ்வி வைத்த வகையைத் தேடியிருப்பேன். ஏணி தேவையில்லை என்று சொன்னதால்தான் ஏணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். நான்கு ஆண்டில் அதைப் பன்னிரண்டு முறை திருப்பி வாங்கியிருக்கிறேன்.

ஏணி என்றதும் ஒரு வார்த்தை. சல்லடை போட்ட பிறகு ஏணி ஏறுவது முன்பைவிட ஆபத்தாகிவிட்டது என்பது என் அனுபவம். பழக்கம் விட்டுப்போகிறது. முன்பு அடிக்கடி ஏறியவன், இப்போது எப்போதோ ஒரு நாள், அதுவும் கோபத்தோடு ஏறுகிறேன். கீழே ஊசி பரவிக் கிடக்கும் தரை ஈரமானால் வழுக்குப் பாறை. ஏணிக் கால் வைக்கும் இடத்தை மண் தெரியப் பெருக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் கால் தள்ளி இருக்க வேண்டும். பீலிமேல் சாய்த்தால் பீலி நசுங்கும், ஏணி பக்கவாட்டில் சறுக்கும்; சுவரில் ஊன்றுகிற தாங்குகவை ஒன்றை ஏணித் தலையில் மாட்டிக்கொள்வது நல்லது. மின் கம்பி எங்கே போகிறது என்று ஏறும் முன் பார்க்க வேண்டும். கை எட்டாத இடத்துக்கு உடம்பை வளைக்காமல் இறங்கி ஏணியை நகர்த்த வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். போன வாரம் கடைசித் திருகாணிக்காக வளைந்தேன். கீழே ஏணியைப் பிடித்திருந்த மனைவி போட்ட சத்தத்தில் நேரானேன்.

மரத்தை வெட்டிவிடுங்கள் என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கூரைமேல் தொங்கிய கிளைகளைக் கழித்துவிட்டோம், அது செய்ய வேண்டியதுதான். மரத்தை வெட்டமாட்டோம். மதியத்தில் பின்பக்க அறைகளுக்கு அதுதான் நிழல். உதிரும் ஊசியும் வீணில்லை. பெருக்கியதைச் செடிகளின் அடியில் மூடாக்காகப் போடுகிறோம். களை முளைப்பது குறைகிறது, ஈரம் நிற்கிறது. மண் புளித்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். பச்சை ஊசியில் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு. மட்கும்போது அது போய்விடும், மூடாக்காகப் போட்டதால் மண்ணின் தன்மை மாறிவிடாது. எங்கள் செடிகளும் ஒன்றும் முறையிடவில்லை.

காட்டுத் தீ அபாயம் உள்ள இடத்தில் இருப்பவர்கள் என் எரிச்சலையெல்லாம் கேட்கவே வேண்டாம். காய்ந்த ஊசி நிறைந்த பீலி என்பது கூரையைச் சுற்றி வைத்த திரி. தூரத்துத் தீயிலிருந்து பறந்து வரும் ஒரு தணல் போதும். அங்கே உலோக வலை போட்டாக வேண்டும். நெகிழியும் பஞ்சும் கூடாது. வலைமேல் சேர்ந்த ஊசியும் எரியும் என்பதால் பெருக்குவதும் தப்பாது. உறைபனி விழும் இடத்திலும் வேறு கணக்கு: வலை பனியைத் தடுக்காது, வலைமேலேயே பனிக்கட்டி இறுகி, ஓரத்தில் ஈட்டி ஈட்டியாகத் தொங்கும். அதற்கு மருந்து கூரைக்கு அடியில், வீட்டுச் சூடு மேலே கசியாமல் அடைப்பதில் இருக்கிறது. பீலியில் இல்லை.

நண்பன் இவ்வளவையும் கேட்டுவிட்டு, "முன்பக்கம் எப்படி?" என்றான். முன்பக்கத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. அகன்ற இலை, நேர்க்கோட்டுக் கூரை, சாய்ந்த வலை. நான்கு ஆண்டில் ஒரே ஒரு முறைதான் அந்தப் பக்கம் ஏறினேன், அதுவும் பந்து எடுக்க. தச்சர் இருக்கும்போதே ஒரு துண்டைக் கழற்றிப் பார்த்தோம். விரல் கனத்தில் வண்டல், ரப்பர் குழாயால் அடித்ததும் ஓடிவிட்டது. குறை சொல்ல முடியாத பொருளைப் பற்றி எழுத ஒரு பத்திகூட வரவில்லை. முக்கால் வீட்டுக்கு நன்றாக உழைக்கிறது, கால் வீட்டுக்காக நான் இரண்டாயிரம் சொல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அநியாயம்தான். அந்தப் படியில் நனைந்தவனுக்குத் தெரியும்.

பலகை மாற்றியாகிவிட்டது. தாங்குகோலை இறுக்கிச் சரிவு பிடித்தாகிவிட்டது. எல்லாத் துண்டுகளையும் திரும்பப் பொருத்தினேன், இம்முறை திருகாணிகளும் துருப்பிடிக்காத எஃகு. மூலையில் மட்டும் வலையைப் போடவில்லை. அங்கே இரண்டடி திறந்த பீலி. இருபுறமும் வலைத் துண்டின் முனையை மடித்து, ஊசி பக்கவாட்டில் புகாமல் அடைத்திருக்கிறேன். குழாய் வாயில் கம்பிக் கூடை ஒன்று. மாடி அறை ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் அந்தக் கூடை எட்டுகிறது. நான்கு ஆண்டாக அந்த ஜன்னல் அங்கேயேதான் இருந்தது. எனக்கும் தச்சருக்கும் தோன்றவில்லை. திரைச்சீலை மாற்றப் போன மனைவிக்குத் தோன்றியது. நேற்று இரவு தூறலில் படி நனையவில்லை. தூறலை வைத்து எதையும் சொல்ல முடியாது. பெருமழை வரட்டும்.

ஆனாலும் நண்பனுக்குச் சொன்ன பதிலை நான் மாற்றவில்லை. பைன் இருக்கிறதா, உள்மூலை இருக்கிறதா, ஏணி ஏற முடியாத வயதா என்று மூன்று கேள்வி கேட்டேன். பைன் ஒன்று, மூலை இரண்டு, வயது என் வயதுதான். "போடாதே, வருடத்துக்கு நான்கு முறை கூலி கொடுத்துச் சுத்தம் செய்துகொள்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, மூலையில் வெட்டி எடுத்த அந்த இரண்டு துண்டு சும்மாதானே கிடக்கிறது? அவற்றையாவது கொடு" என்றான்.

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொட்டகையின் பீலிக்கு அளவெடுத்து வைத்திருக்கிறேன்.